லுக்கார்னில் எட்டு நாற்காலிகள்

ஒசாகாவில் பிரெஞ்சுச் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்று நீங்கள் பேச்சை ஆரம்பிப்பதற்காகத்தான் கேட்டீர்கள், தெரியும். ஆனால் ஐயா, இருபத்தாறு வருடங்களாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே பழகியவன் நான். யாருடன் போகிறீர்கள், எதற்காகப் போகிறீர்கள் என்று தெரியாமல் கடைப் பெயர் சொல்ல மாட்டேன். டோக்கியோவிலிருந்து வரும் வாடிக்கையாளர் என்றால் நகானோஷிமாவில் ஆறு தெரிகிற மேசையாகப் பாருங்கள். அங்கே சமையல் சுமார்தான். அவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஓய்வு பெறுகிறவருக்கு விருந்து என்றால் கிதாஹாமாவில், பழைய வங்கிக் கட்டடங்களில் ஒன்று. சண்டை போட்டுக்கொண்ட இரண்டு மேலாளர்களைச் சமாதானம் செய்ய வேண்டுமென்றால் ஃபுகுஷிமாவில் ரயில் பாலத்துக்கு அடியில் ஒரு கடை இருக்கிறது. ரயில் போகிற போதெல்லாம் பேச்சு நின்றுவிடும். நாலு ரயில் போவதற்குள் கோபம் ஆறிவிடும்.

என் பெயர் கொஷிமிசு. தோஷோமாச்சியில் மருந்து மூலப்பொருள் விற்கிற கம்பெனியில் பொது நிர்வாகப் பிரிவின் துணைத் தலைவர். நாற்காலி உடைந்தால், விளக்கு எரியாவிட்டால், வெளியூர் போகிறவருக்குக் கைபேசி வேண்டுமென்றால் எங்களிடம்தான் வருவார்கள். வாடிக்கையாளரை எங்கே சாப்பிட அழைத்துப் போவது என்று முடிவு செய்வதும் எங்கள் வேலையே. அதில் நான் தவறியதில்லை. விற்பனைப் பிரிவு குபோத்தா, நடைவழியில் என்னைப் பார்த்தாலே, "யோவ் கொஷிமிசு, உன் நாக்குக்கு கம்பெனி செலவுல இன்ஷூரன்ஸ் எடுக்கணும்யா. மத்த உறுப்பெல்லாம் எக்கேடோ கெடட்டும்" என்பார். நானும் சிரித்துவைப்பேன்.

எல்லோரும் கேட்டு வாங்கிப் போகும் அந்தப் பட்டியலில் ஒரு கடையை மட்டும் நான் எழுதவே இல்லை. அதைப் பற்றித்தான் நீங்கள் கேட்க நினைக்கிறீர்கள்.

உத்சுபோ பூங்காவுக்குத் தெற்கே, சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டிய சந்தில் லுக்கார்ன் இருந்தது. முதலில் நான் போனது மழைக்கு ஒதுங்கித்தான். சமையற்கட்டை ஒட்டிய நீள மேடை, அதன் முன்னால் எட்டு நாற்காலிகள். வேறு மேசை கிடையாது. சமைத்தவர் ஹமானோ. லியோனில் ஒன்பது வருடம் இருந்தவர். பரிமாறியது அவர் மனைவி சுமியே. கடைப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "கூரை ஜன்னலாம். பேரு மட்டும்தான் ஜன்னல், உள்ள காத்து வர ஒரு ஓட்ட கூட கிடையாது. பேரு வெச்சப்புறம்தான் இடம் பாத்தாரு எங்க ஆளு" என்றார் சுமியே. ஹமானோ-சான் தலையைத் தூக்காமல், "இடம் பாத்தது நீதானே" என்றார். "நான் பாக்கலன்னா நீங்க இன்னும் பேருதான் வெச்சிட்டு இருப்பீங்க" என்று அந்த அம்மாள் சொன்னதும் மூன்று பேரும் சிரித்தோம். அன்று கடையில் நான் ஒருவன்தான்.

அங்கே ஒரு முறை உண்டு. மாலை ஆறரை மணிக்கு எட்டுப் பேருக்கும் ஒன்றாகத்தான் ஆரம்பிக்கும். முதலில் சிறு கிண்ணத்தில் கான்சோமே. எலும்பும் இறைச்சியும் காய்களும் போட்டு இரண்டு நாள் காய்ச்சி, துணியில் வடித்து, கிண்ணத்தின் அடியில் வரைந்த பூ தெரிகிற அளவுக்குத் தெளிய வைத்த பொன்னிறச் சூப்பு. கிண்ணத்தை மேடை மேல் வைத்துவிட்டு ஹமானோ-சான் இரண்டு கைகளையும் துணியில் துடைத்துக்கொண்டே நிற்பார். நான் முதல் வாய் குடிக்கும்வரை நகர மாட்டார், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் தலையசைத்த பிறகுதான் அடுப்புப் பக்கம் திரும்புவார்.

ஐம்பத்து நான்கு வயதாகிறது எனக்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் முகத்தை ஒரு மனிதர் அவ்வளவு கவனமாகப் பார்த்தது அந்தக் கடையில்தான். இது வழக்குக்குத் தேவையில்லாத விஷயம், எழுத வேண்டாம்.

நான்கு வருடம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் போனேன். மூன்று பேர், நான்கு பேர் இருப்பார்கள், சில நாள் யாருமே இருக்க மாட்டார்கள். கடை அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. போன வருடத்துக்கு முந்தின வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு பத்திரிகையில் கடையின் படம் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து எட்டு நாற்காலியும் நிறைந்தன. நான் ஓரத்தில் உட்கார்ந்தேன். எனக்கு இடப்பக்கம் இருந்த இரண்டு பெண்கள் சூப்பு ஆறும்வரை படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹமானோ-சான் எட்டு முகங்களையும் பார்க்க வேண்டியிருந்தது. இடக்கோடியிலிருந்து ஆரம்பித்து வலக்கோடிக்கு வருவதற்குள் நான் குடித்து முடித்துவிட்டேன். அடுத்த வியாழனுக்கு இடம் கேட்டபோது சுமியே அம்மாள் இரண்டு கைகளையும் கூப்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க கொஷிமிசு-சான். ரெண்டு மாசத்துக்கு ஃபுல்லாயிடுச்சு. எங்களுக்கே கனவு மாதிரி இருக்கு. நீங்க கொண்டு வந்த அதிர்ஷ்டம்தான்னு இவரு சொல்லிட்டே இருக்காரு."

வாழ்த்துச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

கூட்டம் தாங்காமல் அவர்கள் இணையத்தில் முன்பதிவுப் பக்கம் வைத்தார்கள். பெயரும் கைபேசி எண்ணும் கொடுத்தால் போதும், ஒரு பெயரில் இரண்டு இடம்வரை எடுக்கலாம். முந்தின நாள் அந்த எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். வருகிறோம் என்று பதில் போட்டால் இடம் உறுதி. குரல் தேவைப்படவில்லை. என் மேசையின் கீழ் இழுப்பறையில் வெளியூர் போகிறவர்களுக்குக் கொடுக்கும் கைபேசிகள் பதினெட்டு இருந்தன. அவற்றுக்குச் சார்ஜ் போடுவது என் பொறுப்பு. பொருளைச் சும்மா வைத்திருப்பது எங்கள் பிரிவில் நல்ல பழக்கமில்லை.

முதலில் என் இரு பக்கத்து நாற்காலிகளை மட்டும்தான் எடுத்தேன். பக்கத்தில் யாரும் உட்காராமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அன்றைக்கு மதியமே ரத்தும் செய்தேன், மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதினேன். ஆனால் ரத்து செய்தவுடன் காத்திருந்த வேறு இருவர் அந்த இடத்தைப் பிடித்துவிட்டார்கள். ஆகவே ரத்து செய்வதில் அர்த்தமில்லை என்று புரிந்தது. அடுத்த மாதம் ஏழு நாற்காலிகளையும் எடுத்தேன்.

பெயர்களை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நேற்று கேட்டீர்கள். கம்பெனிக்கு எதிரே எழுதுபொருள் கடையில், எல்லாக் கடையிலும் இருப்பதுபோல், கையெழுத்துக்குப் பதிலாக வைக்கிற, குடும்பப் பெயர் பொறித்த தயார் முத்திரைகள் தொங்கும் சுழல் தட்டு ஒன்று இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் முத்திரையை மறந்துவிட்டு வந்தால் அங்கேதான் வாங்கிக்கொடுப்பேன். என் பெயர் அதில் கிடையாது. கொஷிமிசு என்று முத்திரை வேண்டுமானால் சொல்லிச் செய்யத்தான் வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்தே அந்தத் தட்டைச் சுற்றிப் பார்த்து, இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்பியவன். சராசரி மனிதர்களின் பெயர்கள் வேண்டும் என்றபோது அது நினைவுக்கு வந்தது. அகர வரிசையில் இருந்தபடியே எடுத்தேன். அசானோ, இகேதா, இவாய், உயெதா. எந்தப் பெயரும் இரண்டு முறை வரக்கூடாது, வந்தால் சந்தேகம் வரும். எண்களைச் சுழற்றினால் போதும், எண்ணை யாரும் நினைவில் வைப்பதில்லை. வரிசையாக எடுத்தால் அந்தக் கவலையே இல்லை. கோப்புகளை அடுக்கி வைத்தே காலம் தள்ளியவனுக்கு வேறு வழி தோன்றாது, ஐயா.

முதல் வியாழனன்று நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஆறரை ஆனது. எல்லோரும் வந்த பிறகுதான் ஆரம்பிப்பார் என்பதால் ஹமானோ-சான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிதோசுஜி ரயில் நின்னு போச்சோ என்னவோ" என்றேன்.

"இருக்கும். பாவம், ரயில்ல மாட்டிட்டு தவிச்சிட்டு இருப்பாங்க" என்றார் அவர்.

ஏழே கால் மணிக்குச் சுமியே அம்மாள் அந்த எண்களை அழைத்துப் பார்த்தார். மணி என் மேசை இழுப்பறைக்குள் அடித்துக்கொண்டிருந்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பி, "பசியோட உக்கார வெச்சிட்டோமே உங்கள. ஏழு பேரு தின்ன வேண்டியத நீங்க ஒருத்தரே தின்னுட்டு போங்க. எந்திரிக்க முடியலன்னா நானும் இவரும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிட்டு வந்து டாக்ஸில போடறோம்" என்றார். ஹமானோ-சான் கான்சோமேயை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார். நான் தலையசைத்தேன். அன்று இரண்டு பேருக்கான புறாவை எனக்கு ஒருவனுக்கே வைத்தார். தோல் கத்தி பட்டவுடன் சட்டென்று உடைந்தது. உள்ளே சதை வெண்ணெய் மாதிரி இருந்தது. ஒன்பது மணிவரை லியோனில் ஆற்றங்கரை அறையில் குளிரோடு கிடந்த கதை எல்லாம் சொன்னார். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆள் வராத பதிவுகள் தொடர்ந்தபோது, கடன் அட்டை எண் வாங்கிக்கொண்டுதான் இடம் கொடுக்க வேண்டும் என்று சுமியே அம்மாள் சொன்னார். ஹமானோ-சான் ஒப்புக்கொள்ளவில்லை. "சாப்பிட வர்றவங்கள வாசல்லயே திருடனாட்டம் புடிச்சு வெக்கறதா? அப்படி ஒரு சோறு நான் போட மாட்டேன்." "நீங்க போடறதுக்கு தின்ன ஆளு வேணுமே" என்றார் அம்மாள். "வரலன்னா ஏதோ கஷ்டம்னு அர்த்தம். குத்திக் காட்டக்கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் வெங்காயம் நறுக்கப் போய்விட்டார். அவர் அப்படி இருந்ததால்தான் என் ஏற்பாடு நடந்தது. இதில் அவருடைய பங்கையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை.

மற்ற நாட்களையும் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பீர்கள். புதன்கிழமை நிரம்பினால் வியாழனன்று அவர் கை சோர்ந்துவிடும். செவ்வாயன்று வந்த ஒரு பல் மருத்துவர் கான்சோமே குடித்துவிட்டுக் கண் கலங்கினார் என்று ஹமானோ-சான் என்னிடம் அரை மணி நேரம் சொன்னார். என் நாளில் வேறொருவர் கதை ஓடியது. ஆகவே செவ்வாயும் புதனும் எடுத்தேன். சில வாரம் வெள்ளியும். அந்த நாட்களில் நான் போகவில்லை. கடையில் விளக்கு எரிவதை மட்டும் சந்தின் எதிர்ப் பக்கத்தில் நின்று கதவுக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவேன். எட்டு நாற்காலியும் காலியாக இருக்கும். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

போன வருடம் மே மாதம் ஒரு வியாழன். அன்றும் நான் ஒருவன்தான். அவர் சூப்பை வைத்துவிட்டு வழக்கம்போல் நின்றார். நான் தலையசைத்தேன். அவர் திரும்பவில்லை.

"கொஷிமிசு-சான், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. ஊர்ல உங்க நாக்கு மாதிரி ஒரு நாக்கு கிடையாது. ஒழுங்கா வர்றதும் நீங்க ஒருத்தர்தான். என் சமையல்ல என்ன கெட்டுப் போச்சு? வந்தவங்க ஏன் திரும்ப வரல? வர்றேன்னு சொன்னவங்களும் ஏன் வரல?"

ஒன்றும் கெட்டுப் போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்போது வேறு எங்கோ கோளாறு என்று தேடப் போவார். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடுவார், சுமியே அம்மாள் சொல்கிறபடி அட்டை எண் கேட்பார், கடை மறுபடி நிரம்பும். அவர் அடுப்படியிலேயே இருக்கும்படி ஒரு பதில் வேண்டியிருந்தது. நான் இன்னொரு கரண்டி குடித்தேன். கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் இருந்தேன்.

"கடைசியில் லேசாகக் கசக்கிறது" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. காரணம் கிடைத்த நிம்மதி. எனக்குக் குனிந்து நன்றி சொன்னார்.

அன்றிலிருந்து அந்தக் கசப்பைத் தேட ஆரம்பித்தார். தண்ணீரை மாற்றினார். கேரட் வாங்கும் ஆளை மாற்றினார். லியோனிலிருந்து கொண்டுவந்த பெரிய செப்புப் பானையின்மீது சந்தேகப்பட்டு அதை ஒதுக்கி வைத்தார். வாரம் இரண்டு முறை முழுப் பானையைக் கழுவு தொட்டியில் கொட்டினார். வியாழக்கிழமைகளில் நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முன்பைவிட அதிக நேரம் நிற்பார். நான் சில நாள் குறைந்திருக்கிறது என்பேன், சில நாள் கூடியிருக்கிறது என்பேன். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னால் மனிதர் சோர்ந்துபோவார் என்பதால்தான் மாற்றி மாற்றிச் சொன்னேன்.

சுமியே அம்மாள் குடித்துப் பார்த்துவிட்டு, "எங்க கசக்குது? எனக்கு ஒண்ணும் தெரியல. எப்பவும் போலத்தான் இருக்கு" என்றார். "உனக்குத் தெரியாது. கொஷிமிசு-சானுக்குத் தெரியுது" என்றார் அவர். அந்த வார்த்தை இன்றும் என் காதில் இருக்கிறது. குளிர்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன் நாக்கைச் சோதித்துப் பார்த்துக்கொண்டார். நாக்கில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். குறை இருந்திருந்தால் நல்லது என்று அவர் என்னிடம் சொன்னார். "நாக்கு நல்லாத்தான் இருக்கு, அதுக்கே தெரியாத கசப்ப எப்படிங்க எடுக்கறது?"

இளைத்துப் போயிருந்தார். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து நுழையும்போல் இருந்தது. எனக்கு வருத்தமாக இருந்தது. பூங்காவுக்குப் பக்கத்துக் கடையில் நல்ல பேரிக்காய் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மார்ச் மாதக் கடைசி வியாழன். அன்றைய பதிவுகள் யமகுச்சி, யமசாக்கி, யமஷிதா, யமதா. சூப்பை வைத்துவிட்டு ஹமானோ-சான் சொன்னார்: "இன்னைக்கு எல்லாத்தையும் மறந்துட்டு, முப்பது வருஷத்துக்கு முன்னாடி கத்துக்கிட்ட மாதிரியே பண்ணேன். செப்புப் பானையும் எடுத்துட்டேன். இதுல கசப்பு போயிருந்தா மத்தியான சாப்பாடும் போடலாம்னு இருக்கேன், பழைய ஆளுங்களுக்கெல்லாம் லெட்டர் எழுதலாம்னு இவ சொல்றா. போகலன்னா..." அத்தோடு நிறுத்திவிட்டார். சுமியே அம்மாள் பாத்திரம் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் உதடு ஏதோ சொல்வதுபோல் அசைந்தது. நல்லா இருக்குன்னு சொல்லுங்க என்று அவர் கெஞ்சியதாக இப்போது தெரிகிறது.

நான் குடித்தேன். சூடு சரியாக இருந்தது. போய்விட்டது என்றால் மதியச் சாப்பாடு, கடிதங்கள், கூட்டம். இன்னும் இருக்கிறது என்றால் அடுத்த வியாழனும் தேடுவார். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

"இன்னும் கொஞ்சம் இருக்கிறது" என்றேன்.

"அப்படியா" என்றார். "சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க." அன்று வாத்து வைத்தார், பாலாடைக் கட்டி வைத்தார், ஒன்றிலும் குறை வைக்கவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினார். நான் சந்து முனை திரும்பும்வரை குனிந்தபடியே நின்றார்.

மறுநாள் காலை கிசு சந்தைக்குப் போவதாகச் சைக்கிளில் கிளம்பியவர் சந்தைக்குப் போய்ச் சேரவில்லை. தோசாபோரி ஆற்றுப் பாலத்தின் ஓரத்தில் சைக்கிள் பூட்டியிருந்தது. சாவியைக் கூடையில் எடுத்து வைத்திருந்தார். மூன்றாம் நாள் அவரைக் கண்டெடுத்தார்கள்.

இறுதிச் சடங்குக்குப் போனேன். அடுத்த வியாழன் ஆறரை மணிக்கு எங்கே போவது என்று தெரியாமல் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. யோஷிதா, வக்காபயாஷி, வதானபே என்று தட்டில் கடைசிப் பெயர்கள் மிச்சம் இருந்தன. அவற்றை என்ன செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தொன்பதாம் நாள் நினைவுச் சடங்கு முடிந்து சுமியே அம்மாள் என்னை மட்டும் கடைக்கு அழைத்தார். பகல் பன்னிரண்டு மணி. கறுப்புக் கோட்டு, வெள்ளைப் பூக்கள். என் வழக்கமான நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"அவரு கடைசியா காய்ச்சினது கொஞ்சம் ஃப்ரீசர்ல இருந்துச்சு" என்று கிண்ணத்தை வைத்தார். அதே கிண்ணம், அதே பொன்னிறம், அடியில் பூ தெரிந்தது, மேலே இரண்டு மூன்று எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்தன. அந்த அம்மாளும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார்.

குடித்தேன். அன்றுதான் முதல்முறையாகக் கண்ணில் தண்ணீர் வந்தது. "இது அவர்தான். அவரேதான். கசப்பு இல்லவே இல்லை. கடைசியில் ஜெயித்துவிட்டார்" என்றேன்.

சுமியே அம்மாள் துணியை மடித்து மேடை மேல் வைத்தார்.

"கொஷிமிசு-சான், அது பார்லி டீ. கோடைக்கு வாங்கி வெச்சிருந்த பாக்கெட்டு. சூடு பண்ணி ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். உப்பு கூட போடல."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"கடைய மூடறதுக்கு பேப்பர் குடுக்கணும், முத்திரையைக் காணோம். புதுசு வாங்கலாம்னு போயி தட்டைச் சுத்தினேன். ஹமானோ எங்கன்னு தேடறேன். ஹசெகாவா, ஹத்தோரி, ஹமதா, அப்புறம் ஹமானோ, அப்புறம் ஹயாஷி. எங்கயோ பாத்த வரிசையா இருக்கேன்னு வீட்டுக்கு வந்து நோட்டைத் தொறந்தேன். நவம்பர்ல ஒரு வியாழக்கிழமை. வராம போன நாலு பேரு. எங்க பேரை மட்டும் விட்டுட்டு, மத்ததெல்லாம் அப்படியே. எல்லா வியாழக்கிழமையும் வந்த ஆளு ஒருத்தர்தான். கொஞ்சம் கசக்குதுன்னு சொன்ன ஆளும் அதே ஒருத்தர்தான். அதான் டீ வெச்சுப் பாத்தேன்."

அவர் குரல் உயரவில்லை. பாத்திரம் கழுவுகிற குழாயைத் திறந்து மூடினார்.

"பத்து மாசமா எங்க ஆளு எதத் தேடிட்டு இருந்தாரு? சொல்லுங்க. அது எங்கதான் இருந்துச்சு?"

நாப்கினை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன். ஹமானோ என்ற பெயரை நான் தாண்டியது உண்மைதான். அவருடைய பெயரிலேயே பொய்ப் பதிவு செய்வது மரியாதையாக இருக்காது.

இனி நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்திரிகையில் படம் வருவதற்கு முந்தின குளிர்காலத்தில் எனக்குப் பத்து நாள் காய்ச்சல் இருந்தது. அது போகும்போது வாசனையையும் ருசியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. திரும்பி வராது என்று மருத்துவர் சொன்னார். கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாற்காலி மாற்றுகிற, விளக்கு மாற்றுகிற ஆள் மட்டும்தான் மிஞ்சுவான். பட்டியலை நினைவிலிருந்து எழுதினேன். புதுக் கடை என்றால் பக்கத்து மேசைக்காரர் முதல் வாய் வைக்கும்போது தோள் இறங்குகிறதா என்று பார்ப்பேன். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஆக, நான் ஆள் வராமல் தடுத்த ஒன்றரை வருடமும், கசக்கிறது என்ற பத்து மாதமும், அந்தச் சூப்பு எனக்குச் சூடான தண்ணீர். அவர் என் முன்னால் வந்து நிற்க வேண்டும். அதற்காகச் செய்தேன்.

பொய்ப் பதிவுகளால் வியாபாரத்தைக் கெடுத்த குற்றம் என்று நீங்கள் எழுதியிருப்பது சரி. அது சின்னக் குற்றம் என்றும், ஆற்றில் இறங்கியது அவராகவே எடுத்த முடிவு என்றும், அதை என்மேல் போட சட்டத்தில் இடமில்லை என்றும் காலையில் சொன்னீர்கள். சட்டம் உங்களுக்குத் தெரியும். ஆனால் அவரைக் கொன்றது யார் என்று எழுதுவதற்கு எங்காவது ஒரு வரி இருந்தால் கொஷிமிசு என்று எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

வாசித்துக் காட்டியதைக் கேட்டேன். பெயர்கள், தேதிகள், கைபேசி எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. உங்கள் தட்டச்சர் சுத்தமாக வேலை செய்கிறார். முத்திரைக்குப் பதிலாக விரல் ரேகை வைக்கிறேன், என் பெயரில் தயார் முத்திரை எந்தக் கடையிலும் கிடைக்காது. திருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். ஒன்றே ஒன்றுதான், கடைசிப் பக்கத்தில். 'அது தேநீர் என்பது கொஷிமிசுவுக்குத் தெரியவில்லை' என்று இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள். வாயில் வைத்தவுடனே என் நாக்குக்குத் தெரிந்துவிட்டது. கணவரை இழந்த அம்மாள் மனம் நோகக்கூடாது என்றுதான் நன்றாக இருக்கிறது என்றேன். கடைசியில் லேசாகக் கசந்தது.